அந்த லேப்டாப்பைப் போட்டுவிடாதே

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தர்மபுரியில் மழை உண்டா? இங்கே மாங்காய் வரத்து சூடுபிடித்துவிட்டது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் மாங்கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டி நிற்கின்றன.

என் வேலையும் இப்போது மாங்காயில்தான். விவசாயிகள் எத்தனை டன், எந்த நாளில் கொண்டுவருவார்கள் என்று முன்கூட்டியே பதிய ஓர் ஆலைக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். என் லேப்டாப்பிலும் போனிலும் நன்றாக ஓடியது. பர்கூர்ப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மட்டும் ஊர்ப் பட்டியல் காலியாக வந்தது, பதிவு பட்டனும் வேலை செய்யவில்லை. மூன்று ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் நேரில் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 7, பிரவுசர் குரோம் 109.

விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் அது, 2023 ஜனவரியில் வந்தது. ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்க நான் எழுதிய டுசார்ட்டட் (toSorted) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை குரோமில் 110-இல்தான் சேர்ந்தது. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம் மாப்ளே! அந்த வரியிலேயே பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த பட்டனும் செத்துப்போனது. அதற்குப் பதில் பழைய சார்ட் (sort) கட்டளையைப் போட்டேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

பெங்களூரில் நாம் ஐ.இ. 6-உடன், அதுதான் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருடன், மல்லுக்கட்டியதுதான் ஞாபகம் வந்தது. 2001-இல் வந்த பிரவுசருக்கு 2010 வரை வேலை செய்தோமே! இடப்பக்கம் ஒதுக்கி (ஃப்ளோட்) வைத்த பெட்டிக்கு அந்தப் பக்கம் 10 பிக்சல் மார்ஜின், அதாவது வெளி இடைவெளி, கொடுத்தால் 20 ஆக்கிக் காட்டும். பின்னணி தெரிய வேண்டிய பி.என்.ஜி. படத்தில் சாம்பல் நிறத்தை அப்பிவைக்கும். 2011-இல் மைக்ரோசாஃப்ட்டே அதை விடச் சொல்லிக் கேட்டது. 2022 ஜூன் 15 அன்று ஐ.இ. 11-க்கும் ஆதரவு நின்றபோது, "ஒழிஞ்சுதுடா" என்று நீ போன் செய்தாய். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சென்டர்காரரிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன், கம்ப்யூட்டரை மாற்றக் கூடாதா என்று. அவருடைய பிரிண்டருக்குப் புது விண்டோஸில் டிரைவர் இல்லையாம். இரண்டையும் சேர்த்து மாற்றப் பணம் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து ஆதார் நம்பரையும் பாஸ்புக்கையும் நீட்டினார். சென்டர்காரர் அதே கம்ப்யூட்டரில் அவற்றைத் தட்டினார். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வராத பிரவுசர் அது. என் மூன்று ராத்திரியைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் கம்ப்யூட்டர் போகத்தான் வேண்டும். ஆனால் அது போகும்வரை அந்தப் பெரியவரின் மாங்காய் காத்திருக்குமா?

அதனால் இணையதளத்தின் பதிவுப் படிவத்தை மாற்றி எழுதினேன். இப்போது ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் பதிவு போய்ச் சேரும், ஊர்ப் பெயரைக் கையால் தட்டினால் போதும். இந்த வேலைக்கு ஆலை தனியாகப் பணம் தராது. அடுத்த வேலையில் விலை பேசும்போதே இதைச் சேர்த்துக் கேட்கப்போகிறேன். நீயும் அப்படியே கேள்.

அப்புறம், உன் வீட்டுப் பரணில் ஒரு விண்டோஸ் 7 லேப்டாப் கிடந்ததே, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதே. அடுத்த ஞாயிறு பஸ் ஏறி வருகிறேன். சோதித்துப் பார்க்க எனக்கு அது வேண்டும். அம்மாவுக்கு ஒரு பை மாம்பழமும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்