மூச்சுக்கு ஒரு ஸ்டேஷன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

யோகா வகுப்பில் கடைசியாக எல்லாரும் சவாசனத்தில், அதாவது உடம்பைத் தளர்த்தி மல்லாந்து, படுக்கும்போது நீ மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாகச் சொன்னாய். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். படுத்தால் இடுப்பு வலிக்கிறது, கண்ணை மூடினால் ஆபீஸ் ஞாபகம் வந்து நெஞ்சு படபடக்கிறது என்றாய். அதற்காக விட்டுவிடாதே. உனக்குத் தோதாக மாற்றிக்கொள்.

முதலில் இடுப்பு. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசைகள் இறுகிப்போயிருக்கும். காலை நீட்டிப் படுத்ததும் அவை இழுக்க, கீழ்முதுகு தரையை விட்டு எழும்பிவிடும். முழங்காலுக்கு அடியில் தடிப்பான போர்வையைச் சுருட்டி வை. அதுவும் போதவில்லை என்றால் கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டுக்கொள். நான் அப்படித்தான் படுக்கிறேன். முறை தப்பிவிடுமோ என்று தயங்காதே. புனேயில் யோகா ஆசிரியர் பி. கே. எஸ். ஐயங்காரே போர்வை, பெல்ட், நாற்காலி எல்லாம் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். 15-ஆம் நூற்றாண்டின் ஹட யோக பிரதீபிகை என்ற பழைய யோக நூல் இந்த ஆசனத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு சுலோகம். பிணம் போலத் தரையில் மல்லாந்து படு, களைப்பு போகும், மனம் ஓய்வடையும், அவ்வளவுதான். எத்தனை நிமிடம், எதை நினைப்பது என்றெல்லாம் அதில் இல்லை. அவரவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மனசைப் படுக்க வைப்பதுதான் பெரிய வேலை. அமைதியான ஏரியை நினைக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஏரி வருவதில்லை, மும்பை லோக்கல் ரயிலின் ஹார்பர் லைன்தான் வருகிறது. வேலைக்குப் போன காலமெல்லாம் சாயங்காலம் வீடு திரும்பிய வழி அது. லைன் தொடங்கும் சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒரு ஸ்டேஷன். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்டு ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்டி. இந்த இடத்தில் தாடை தளர்ந்துவிடும், நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கும். பிறகு வடாலா, ஜிடிபி நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். அதனால் இழுப்பதைவிட விடுவதை நீட்டு. குர்லாவுக்கு முன்னாலேயே பெயர்கள் நழுவிப்போகும், நானும் பிடித்து வைப்பதில்லை.

உனக்கு ஸ்டேஷன்கள் வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டு வாசலில் இருந்து ஆற்றுப் படித்துறை வரைக்கும் வீடு வீடாக நடந்து பார். நீ சின்ன வயதில் ஒவ்வொரு திண்ணையிலும் ஏறி இறங்கிப் போன தெரு அது. யூடியூபில் ஒரு குரல் சொல்லச் சொல்லப் படுப்பதும் உண்டு. எனக்கு அது எப்போது முடியும் என்றே காது போகிறது, பிடிக்கவில்லை. உனக்குப் பிடித்தால் வைத்துக்கொள்.

கண்ணை மூடப் பயமாக இருந்தால் மூடவே வேண்டாம். பாதி திறந்து கூரையில் ஓரிடத்தைப் பார். படபடப்பு கூடினால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள். தூங்கிப்போனாலும் பரவாயில்லை, உடம்பு அதைத்தான் கேட்டிருக்கிறது.

இங்கே மும்பையில் டாக்டர் கே. கே. தாதேயும் அவருடைய குழுவினரும் ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனம் பழக்கிப் பார்த்து, 1969-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கியது. அப்பாவுக்கும் பிரஷர் இருக்கிறதே, அதனால் இப்போதெல்லாம் அவரையும் பக்கத்தில் படுக்க வைக்கிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை, கவலைப்படாதே.

டொராண்டோ குளிரில் அசையாமல் படுத்தால் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். காலுறை போட்டுக்கொள், நான் கொடுத்தனுப்பிய சால்வையைப் போர்த்திக்கொள். எழுந்திருக்கும்போது சட்டென்று எழாதே. வலப்பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் இருந்து, கையை ஊன்றி எழு. வகுப்பில் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். போர்வையா நாற்காலியா, எது ஒத்துவந்தது என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா