கிளீனர் சீட்டில் படித்ததை இனி யார் சொல்லித் தருவது?

சேலம் மாவட்டத்தில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு, வணக்கம்.

நான் சங்ககிரிக்காரன். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினேன். இடுப்பு ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மாதம் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு உங்களில் நான்கு பேரின் ஆபீஸ் படியேறினேன். அவனுக்கு 22 வயது. இரண்டு வருடமாக ஏற்காட்டுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுகிறான். அந்த 20 கொண்டை ஊசி வளைவும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது ஹெவி லைசென்ஸ் போட வேண்டும் என்கிறான். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் அதற்கு எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கிடைக்கும், வயது 20 ஆகியிருக்க வேண்டும்; இரண்டும் அவனுக்குச் சரியாக இருக்கிறது.

நான்கு இடத்திலும் ஏறக்குறைய ஒரே பதில்தான். "பையன் டெஸ்ட் அன்னைக்கு வந்தாப் போதும், மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்." எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் பிடிப்பான் என்று கேட்டேன். ஒருவர் காலண்டரைப் பார்த்தார். இன்னொருவர், "கார் ஓட்டுறவன்தானே, நாலு நாள்ல பழகிடும்" என்றார். மூன்றாவது இடத்தில் மேசையில் இருந்த பெண் மட்டும், "அண்ணா, வண்டி வாரத்துல ரெண்டு நாள்தான் வரும்" என்று உள்ளதைச் சொன்னார். அவருக்கு என் நன்றி.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் எந்தப் பள்ளிக்கும் போய் லாரி கற்றவன் இல்லை. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கிய காலம் ஒன்று இருந்ததே, அந்த லோடு வண்டி ஒன்றில் கிளீனராக ஏறியவன். முதல் ஒரு வருடம் ஸ்டீயரிங்கைத் துடைக்க மட்டும்தான் விட்டார்கள். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று இறங்கியிருப்பதைச் சொல்லக் கற்றேன். மேட்டில் வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவேன். தார்ப்பாய் கட்டுவதும் காலையில் பிரேக்குக்கான காற்றைச் சேர்த்துவைக்கும் ஏர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் என் வேலை. பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்று தட்டுவேன். அப்படித் தட்டித் தட்டித்தான் வண்டியின் நீளம் என் உடம்புக்குள் போனது.

மலை இறங்கும்போது எங்கள் டிரைவர் அண்ணன் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஏறின கியர்லயே இறங்கு." ஏன் என்று அவர் விளக்கியதில்லை. ஒருநாள் பிரேக் லைனிங் கருகும் நாற்றம் கேபினுக்குள் வந்தபோது புரிந்துகொண்டேன். இறக்கம் முழுக்க பெடலையே நம்பினால் பிரேக் டிரம் சூடாகிறது, சூடானால் பிடிப்பு குறைகிறது, பிடிப்பு குறைந்ததும் இன்னும் மிதிக்கிறோம். மிதிக்க மிதிக்க டேங்கில் இருக்கும் காற்றும் இறங்குகிறது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் அப்போதுதான் வேலை செய்யும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவனுக்கு இந்த இரண்டும் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்க்காத லாரிக்காரன் நம் பக்கத்தில் உண்டா?

இப்போது கிளீனர் என்ற ஆளே அநேகமாக இல்லை. லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஓனர்கள் ஒற்றை டிரைவரோடு வண்டியை அனுப்புகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நானே ஒரு பழைய வண்டி வைத்திருந்தபோது அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த இடது பக்க சீட் காலியானதும் அங்கே நடந்த படிப்பு எங்கே போனது? பையன்கள் வேறு எங்கும் போகவில்லை, நேராக உங்களிடம்தான் வருகிறார்கள்.

சட்டம் உங்களிடம் கேட்பது அப்படியொன்றும் பெரிது இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கனரகப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதிவைக்கப் படிவம் 15 என்று ஒரு பதிவேடே இருக்கிறது. 2021-இல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு இன்னும் அதிகம்: ஆறு வாரம், 38 மணி நேரம். பக்கத்திலேயே நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றாடம் கார் ஓட்டினால்தான் அடுப்பெரியும் என்கிற பையன் வாரக்கணக்கில் வெளியூரில் தங்க முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்தோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் படிவம் 15-ஐ அலமாரிக்குள் பூட்டாதீர்கள். தினமும் வண்டியை விட்டு இறங்கியதும் பையன் கையெழுத்துப் போடட்டும். சேர வருகிறவன் கேட்டால் போன மாதப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள். விளம்பரப் பலகையைவிட அதைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் பணம் கட்டுவோம்.

அப்புறம், இந்தக் காலி வண்டி விஷயம். மைதானத்தில் இரண்டு அச்சுப் பழைய வண்டியைக் காலியாக ஓட்டிப் பழகியவன் வேலைக்குப் போகும் முதல் நாளே பத்துச் சக்கர வண்டியில் ஏறுகிறான். லோடோடு சேர்த்து அதன் அனுமதித்த மொத்த எடை 28.5 டன். காலி வண்டி நிற்கும் தூரத்தில் அது நிற்காது, காலி வண்டி திரும்பும் வேகத்தில் அது திரும்பினால் சாய்ந்துவிடும். ஒரே ஒரு நாளாவது பாரம் ஏற்றிய வண்டியில், அனுபவசாலி பக்கத்தில் உட்கார, தொப்பூரை ஒருமுறை இறங்க வையுங்கள். அவன் ஓட்டக்கூட வேண்டாம், இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தாலே போதும். எக்சாஸ்ட் பிரேக் போட்டதும் இன்ஜின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்கட்டும்.

இன்னொன்று. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், நான் பார்த்த நல்ல டிரைவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். ஆனால் அவர்களிடம் அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்து 'தியரி முடிந்தது' என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வாயால் சொல்லுங்கள், ஸ்பேர் பார்ட்ஸைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் செலவாகும், கட்டணம் ஏறும், பக்கத்துப் பள்ளிக்காரர் குறைத்து வாங்குவார் என்பீர்கள். உண்மைதான். கூடுதலாகக் கேளுங்கள், ஆனால் எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு டயர் விலையை யோசிக்காமல் கொடுக்கிறவர்கள்தான் நாங்கள்.

அக்கா மகன் இன்னும் எங்கும் சேரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி கிளம்புகிறோம். இந்த முறை கட்டணத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன், முதலில் அந்த நோட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

இப்படிக்கு,
சங்ககிரி பழைய லாரி டிரைவர் ஒருவன்