ஆண்கள் வார்டுக்கு ஒரே அளவு உறை போதாது

சேலம் மாவட்ட மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சிறுநீரை அடக்க முடியாமல் படுத்திருக்கும் ஆண்களுக்கு நான் பார்த்த வார்டுகளில் இரண்டே வழிகள்தான்: டயபர் அல்லது உள்ளே செலுத்தும் டியூப். ஆணுறை போல உறுப்பின் மேல் மாட்டி, சிறுநீரைக் குழாய் வழியே ஒரு பையில் சேர்க்கும் காண்டம் கதீட்டரைக் கேட்டால், "அது நிற்காது, கழன்றுவிடும்" என்கிறார்கள்.

ஏன் கழல்கிறது? பக்கவாதம் வந்த என் அப்பாவை ஏற்காட்டிலிருந்து இறக்கி வந்து சேர்த்த இடத்தில் மீடியம் அளவு உறை மட்டுமே இருந்தது. அவருக்கு அது தொளதொளவென்று இருந்ததால் மேலே பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினார்கள். அப்படிச் சுற்றுவது ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். பிறகு டியூப் போட்டார்கள், குளிர்க்காய்ச்சல் வந்தது, சிறுநீர்த் தொற்று என்று கேஸ் ஷீட்டில் ஏறியது.

இந்த உறைகள் ஏறக்குறைய 25 மில்லிமீட்டரிலிருந்து 41 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள பல அளவுகளில் வருகின்றன. எந்த அளவு பொருந்தும் என்று அளந்து பார்க்க அட்டையும் உண்டு. செருப்புக்கே அளவு கேட்கும் நாம் இதற்கு மட்டும் கேட்பதில்லை. லேடக்ஸைவிட சிலிகான் நல்லது: ஒவ்வாமைத் தொல்லை குறைவு, உள்ளே தோல் சிவந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். அன்றாடம் கழற்றி, கழுவி, ஈரம் போகத் துடைத்துப் புதியதை மாட்ட வேண்டும். சிறுநீர் அடைப்பு உள்ளவருக்கு இது உதவாது, அவருக்கு டியூப்தான். மற்றவர்களுக்கு, டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒத்துழைக்கக்கூடிய, அடைப்பில்லாத ஆண்களுக்கு வெளி உறையைப் பரிசீலிக்கும்படி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-லேயே வழிகாட்டியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டிலருகே இருப்பது பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். மாமனாருக்கு மருமகள் டயபர் மாற்றும்போது மறைக்க ஒரு திரைகூட இல்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அடுத்த முறை நனைந்தாலும் வாய் திறப்பதில்லை. புண் வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. காபித் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த மனிதர், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். டயபர் விலையைக் காட்டிலும் இதுதான் எனக்கு ஆறவில்லை.

உறுப்பு உள்ளிழுத்துக்கொண்ட முதியவர்களுக்கு பெரும்பாலும் உறை நிற்காது என்பது உண்மை. அவர்களுக்கென ஒட்டிக்கொள்ளும் பைகளும், சுவரிலுள்ள உறிஞ்சு குழாயான சக்‌ஷனோடு இணையும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றை நாளையே வாங்குங்கள் என்று கேட்கவில்லை.

அடுத்த இண்டென்டில், அதாவது வார்டுக்கு வேண்டிய பொருட்களைக் கேட்டு எழுதும் பட்டியலில், மீடியத்தோடு மற்ற அளவுகளையும் எழுதுங்கள். அளவு அட்டை ஒன்று வார்டு மேசையில் இருக்கட்டும். ஆண் செவிலியர் ஒருவரோ பயிற்சி பெற்ற ஆண் உதவியாளரோ ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளந்து மாட்டட்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தாருக்கும் செய்து காட்டட்டும். டியூப் போட்டே ஆக வேண்டுமென்றால், எதற்காக, எப்போது எடுக்கப்படும் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மகன்