காஸ் பில்லில் டொலரைப் பார்த்து வீட்டை எடைபோடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர் தொடங்கி, வீட்டைச் சூடாக்க காஸ் எரிய ஆரம்பித்துவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் "உங்களுக்கு காஸ் எவ்வளவு வந்தது?" என்ற கதைதான், பில் அதிகமாக வந்தவரின் வீடு உடனே ஓட்டை வீடாகிவிடும். டொலர் காஸ் விலையோடு ஏறி இறங்கும், ஜனவரியும் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிக் குளிர்வதில்லை.

பார்க்க வேண்டியது, எத்தனை கன மீற்றர் எரித்தோம், வெளியே எவ்வளவு குளிர் என்ற இரண்டையும்தான். குளிரை அளக்க 'வெப்பமூட்டல் பாகை நாள்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகைக்கு எவ்வளவு கீழே என்பதுதான் அது. சராசரி மைனஸ் 4 என்றால் அன்றைக்கு 22. கனடா சுற்றுச்சூழல் அமைச்சு இதை நாள்வாரியாக இணையத்தில் தருகிறது, மாதத்துக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் போன டிசம்பரில் 320 கன மீற்றர் போனது. ஹீற்றிங் ஓடாத ஜூலையில் சுடுதண்ணிக்கும் சமையலுக்கும் போன 40ஐக் கழித்தேன் (குளிர்காலத்தில் குழாய்த் தண்ணியே ஐஸ் மாதிரி வருவதால் உண்மையில் கொஞ்சம் கூடத்தான் போகும், பரவாயில்லை). மிச்சம் 280, பாகை நாள் 560, வகுத்தால் 0.5, அதாவது ஒரு பாகை நாளுக்கு அரைக் கன மீற்றர். இந்த எண் குறைந்தால் வீடு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். புதுவருடத்தோடு அட்டிக் மூடியைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டி, பேஸ்மென்றில் சுவரும் மேல்தள மரச்சட்டமும் சேரும் இடத்து வெடிப்புகளையும் அடைத்தோம். ஜனவரி பில் கூடத்தான் வந்தது, செய்ததெல்லாம் வீண் என்று வீட்டில் எல்லாருக்கும் மனவருத்தம். ஆனால் அந்த மாதம் பாகை நாள் 700, சுடுதண்ணி, சமையல் போக ஹீற்றிங்குக்கு எரிந்தது 301, அதாவது 0.43. வீடு திருந்தியிருக்கிறது, பில்தான் அதைக் காட்டவில்லை.

மீற்றரை மாத முதல் திகதியில் நீங்களே பார்த்து எழுதுங்கள், சில பில்களில் இருப்பது வெறும் மதிப்பீடு. அடுத்த வீட்டோடு ஒப்பிடவும் வேண்டாம், அங்கே பேஸ்மென்றில் ஆள் இருக்கலாம், தெர்மோஸ்டாட் 24இல் நிற்கலாம். வீட்டை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்றால் எனர்கைட் (வீட்டின் எரிசக்திச் செலவை மதிப்பிடும் கனடா அரசுத் திட்டம்) பரிசோதகரைக் கூப்பிடலாம். வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் காற்று எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள், அப்போது எந்த ஓரத்தால் குளிர் வருகிறதென்று கையை வைத்தே அறியலாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வானிலைப் பகுதியில் ரொறன்ரோவின் போன மாதப் பாகை நாளையும் ஒரு வரியாகப் போடுங்கள், இணையத்தில் தேடத் தெரியாத எங்கள் வயதானவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்