இருமும்போது எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டவர்களுக்கு

இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் ஆகிய அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு என்று கண்டறியப்பட்டு உங்களிடம் வந்து, பைபாஸ் அறுவை முடிந்து, பதினொரு நாட்கள் உங்கள் பராமரிப்பில் இருந்து வீடு திரும்பியவன் நான். வயது அறுபத்தைந்து; மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லும் கடிதங்கள் உங்கள் பிரிவுக்கு நிறையவே வந்திருக்கும். அந்த நன்றி எனக்கும் உண்டு என்றாலும், இம்மடலை நான் எழுதுவது வேறொன்றுக்காக. அறுவைக்குப் பிந்தைய வலியை, 'நெஞ்சைப் பிளந்தால் வலிக்கத்தான் செய்யும்' என்று தள்ளிவிடாமல், எந்த மாத்திரை எனக்கு வேலை செய்கிறது, எது செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று நீங்கள் உட்கார்ந்து ஆராய்ந்ததற்காகவே எழுதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரை இரத்தக் குழாய் வழியாக மருந்து சென்றுகொண்டிருந்ததால் வலியின் முழு உருவம் எனக்குத் தெரியவில்லை. நெஞ்சிலிருந்த குழாய்களை எடுத்து, வார்டுக்கு மாற்றி, வாய்வழி மாத்திரைகளுக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால், அதனுடன் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் டிரமடால் என்னும் வலி மாத்திரை என்பது அப்போதைய ஏற்பாடு. பக்கத்துக் கட்டிலில் எனக்கு ஒரு நாள் முன்னால் அறுவை செய்துகொண்ட திண்டுக்கல்காரருக்கும் இதே மாத்திரைகள்தாம். அவர் மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மருமகனோடு நெல் விலை பேசிக்கொண்டிருப்பார். நானோ தும்மல் வந்துவிடுமோ என்று பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அவருக்குத் தாங்கும் மனம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று இரண்டு நாட்கள் என்னையே நொந்துகொண்டேன்.

அந்த இரண்டு நாட்களில் வலி எவ்வளவு என்று கேட்டவர்களிடமெல்லாம் பத்துக்கு மூன்று என்றே சொன்னேன். அசையாமல் மல்லாந்து கிடக்கும்போது அது உண்மையும்கூட. அந்த எண்ணை நம்பாத முதல் ஆள் இயன்முறை மருத்துவர். மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் என்னால் ஒரு பந்தைக்கூட முழுதாக ஏற்ற முடியவில்லை என்பதைக் கண்ட அவர், ஒரு சிறு தலையணையை என் நெஞ்சோடு அணைக்கச் செய்து, "இப்போது இருமுங்கள், இருமிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். இருமினேன். எட்டு என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. படுத்திருக்கும்போது உள்ள வலியை மட்டும் கணக்கில் எடுத்தால் நோயாளி ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், சளியை இருமி வெளியேற்ற மாட்டார், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி அங்கே கிருமி தங்கிவிடும் என்று அவர் விளக்கியபோதுதான், வலி மருந்து என்பது நோயாளியைத் தூங்கவைப்பதற்கு அல்ல, இருமவைப்பதற்கு என்பது புரிந்தது. அன்று முதல் வேளைக்கு இரண்டு எண்கள் எழுதும் வழக்கம் என் நோட்டில் தொடங்கியது: கிடக்கும்போது ஒன்று, இருமும்போது ஒன்று. கணக்கெழுதிப் பழகிய கைக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

அந்த எட்டு என்ற எண்ணை வைத்துக்கொண்டு நேரே மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்காக இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கு வியர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின, குமட்டிக்கொண்டே இருந்தது. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று சோதித்தார். அது சரியாக இருந்தது. என் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தரக் கூட்டைத் திறந்தபோது, உள்ளே மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டை அவர் கையில் விழுந்தது. "அப்பா, இது யாருடையது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அது என்னுடையது. மனைவி இறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகளாக நான் சாப்பிட்டுவரும் பராக்ஸெடின். அறுவைக்கு முந்தின நாள், மயக்க மருந்து தரும் மருத்துவர் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டபோது, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உள்ளவற்றையெல்லாம் ஒப்பித்துவிட்டு இதை மட்டும் விழுங்கிவிட்டேன். மகளுக்கும் தெரியாது. மனநல மருத்துவரிடம் போகிறான் என்ற பேர் எதற்கு என்ற வறட்டுக் கௌரவம்தான். அதை மறைத்துச் சொல்ல இப்போது காரணமில்லை. வார்டிலும் இரவுதோறும் யாரும் பார்க்காதபோது ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மற்றவர் காதில் விழும்படி பேசவுமில்லை. அடுத்த வேளை டிரமடாலை நிறுத்திவைத்துவிட்டு, அந்த நள்ளிரவிலேயே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

மறுநாள் காலை மயக்கவியல் மருத்துவர் என் கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொன்ன விளக்கத்தை, நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். டிரமடால் உடலுக்குள் நெல்லாகப் போகிறதாம். கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் அதைக் குத்தி அரிசியாக்குகிறதாம். வலியை அடக்கும் அபின் வகைச் செயல் பெரும்பாலும் அந்த அரிசிக்குத்தான் உண்டு. பராக்ஸெடின் அந்த ஆலையைப் பூட்டிவிடும் மருந்து. ஆகவே எனக்கு நெல் மட்டும் வயிற்றில் குவிந்ததே தவிரப் பசி ஆறவில்லை. அதோடு, அரைபடாத டிரமடாலும் பராக்ஸெடினும் இரண்டுமே மூளையில் செரோட்டோனின் என்னும் பொருளைக் கூட்டுபவை என்பதால், வியர்வையும் நடுக்கமும் அது அளவு மீறியதன் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம் என்றும், அளவைக் கூட்டியிருந்தால் வலி குறையாமல் ஆபத்து மட்டும் கூடியிருக்கும் என்றும் அவர் சொன்னார். பிறவியிலேயே இந்த ஆலை மந்தமாக உள்ளவர்களும் உண்டு, அளவுக்கு மீறி வேகமாக ஓடுபவர்களும் உண்டு. ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். திண்டுக்கல்காரரின் மனவலிமை பற்றிய என் பொறாமை அந்த இடத்தில் தீர்ந்தது.

அதன்பின் மாற்று எது என்பதை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த விதம், ஒரு பழைய தணிக்கையாளனான எனக்கு மறக்க முடியாதது. கோடீன் அதே ஆலைக்குப் போக வேண்டிய நெல்தான். அங்கே மார்ஃபினாக மாறினால்தான் அதற்குப் பலன், எனவே அது பயனில்லை. மார்ஃபினையே வாய்வழி கொடுக்கலாம், அதற்கு அந்த ஆலை தேவையில்லை; ஆனால் அது உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும், எனக்கோ சிறுநீரகம் சுணங்கினால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 1.6 இருந்தது. அவை உடம்பில் தேங்கினால் மயக்கமும் மூச்சு மந்தமும் வரும் என்பதால் அதைக் கடைசிக் கையிருப்பாக வைத்தார். ஆக்சிகோடோன் மருத்துவமனை மருந்தகத்தில் இல்லை. என் சம்பந்தி அன்போடு வாங்கி வந்திருந்த மூட்டு வலி மாத்திரை அபின் வகையைச் சேர்ந்ததன்று, ஆனாலும் பைபாஸ் செய்தவர்களுக்கு அது சேர்ந்த என்.எஸ்.ஏ.ஐ.டி. என்னும் அழற்சி தணிக்கும் வகை ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது என்று கூறி, அதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். (சம்பந்திக்குச் சற்று வருத்தம். பிறகு சரியாகிவிட்டார்.)

எஞ்சியது டேபென்டடால். அது அரிசியாகவே உள்ளே போகிறது. வேலை செய்ய அந்த நொதியின் தயவு வேண்டாம். என் சிறுநீரகத்தின் நிலைக்கு அளவைக் குறைக்கவும் அவசியமில்லை. இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் டிரமடாலையும் டேபென்டடாலையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்திருப்பதாகவும், அதில் டேபென்டடால் பெற்றவர்களுக்கு வலியும் வாந்தியும் குறைவாக இருந்ததாகவும் சொன்ன அவர், அது சிறிய ஆய்வு, அதை வைத்து எல்லோருக்கும் இதுவே உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பராக்ஸெடினோடு சேரும்போது இதற்கும் எச்சரிக்கை உண்டு என்பதால், டிரமடால் உடலை விட்டு நீங்கக் காத்திருந்து, பிறகு 50 மில்லிகிராமில் தொடங்கி, காய்ச்சல், நடுக்கம், தூக்கக் கலக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பவற்றை இரவெல்லாம் குறித்துவைக்கச் சொன்னார். பராக்ஸெடினைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே வேறு தொல்லைகளைத் தரும் என்பதால், என் மனநல மருத்துவரிடம் பேசி அதைத் தொடரவும் ஏற்பாடு செய்தார்.

என் நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். மாற்றிய முதல் நாள் மாலை இருமும்போது ஆறு. மறுநாள் காலை ஐந்து, மாலை நான்கு. அன்று இரண்டு பந்துகள் மேலே ஏறின. அதற்கடுத்த நாள் மூன்றாவது பந்தும் அரைவாசி எழும்பியது. தாழ்வாரத்தின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பினேன். மலச்சிக்கல் வந்தது, அதற்கும் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கொடுத்து, முக்கக் கூடாது என்று நாள்தோறும் நினைவூட்டிய காலைப் பணிச் செவிலியர்களைக் கூச்சத்தோடு நினைத்துக்கொள்கிறேன். பைபாஸுக்காகக் காலில் இரத்தக் குழாய் எடுத்த இடத்துக் காந்தலை மட்டும் எந்த மாத்திரையும் முழுதாகத் தீர்க்கவில்லை. அது தன் போக்கில் ஆறியது.

மருந்தாளுநருக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. வீட்டுக்குப் புறப்படும் நாளில் சீட்டில் டேபென்டடாலைப் பார்த்த என் மகள், "இது போதை மாத்திரை என்று பேப்பரில் வருகிறதே" என்று தயங்கினாள். அவள் தயக்கத்தில் தவறில்லை. இதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் உயிரை விட்ட செய்திகளை நானும் படித்திருக்கிறேன். மருந்தாளுநர் அவளை உட்காரவைத்து, டிரமடால் 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்திருப்பதையும், இவ்வகை மருந்துகளைச் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கேட்கக் கூடாது என்பதையும், அறுவைப் புண்ணுக்காகச் சில நாட்கள் அளவோடு சாப்பிடுவதும் போதைக்காக ஏற்றிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதையும் பொறுமையாகச் சொன்னார். ஐந்து நாட்களுக்குப் பதினைந்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, பூட்டுள்ள இடத்தில் வைக்கச் சொல்லி, மிஞ்சினால் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டார். நான்கு மிஞ்சின. நான்காவது நாளிலிருந்து இரவு வேளையைத் தவிர மற்றதைப் பாராசிட்டமாலே சமாளித்துவிட்டது. அந்த நான்கையும் மகள் கொண்டுவந்து ஒப்படைத்தபோது அவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள். கேட்கவே மனம் நிறைந்தது.

தலைமை அறுவை மருத்துவருக்கும், இரத்தம் கொடுத்த முகம் தெரியாத மூவருக்கும், விடியுமுன் தரையைத் துடைக்க வந்து வெந்நீர் பிடித்துக் கொடுத்த அம்மாவுக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இரவுப் பணிச் செவிலியரிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: அந்த அட்டை இப்போது கண்ணாடிக் கூட்டில் இல்லை, சாப்பாட்டு மேசையில் மற்ற மாத்திரைகளோடு இருக்கிறது. மகளுக்கும் தெரியும்.

இம்மடலைக் கொண்டுவரும் என் மருமகன் கையில் ஒரு சிறு தலையணையும் இருக்கும். இருமும்போது அணைத்துக்கொள்ளத் தந்த அது, புறப்பட்ட அவசரத்தில் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. உறையைத் துவைத்து வெயிலில் போட்டு எடுத்திருக்கிறோம்; அடுத்து வருபவருக்குப் பயன்படும்.

நன்றியுடன்,
மூன்றாம் தளத்தில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவன்