பால் சீட்டில் 4.3, பில்லில் 3.9

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அம்மா மூன்று கறவை மாடு வைத்திருக்கிறார். காலையும் மாலையும் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பால் சேகரிப்பு மையத்தில் ஊற்றுகிறார். ஊற்றியதும் ஒரு சீட்டு வரும்: தேதி, வேளை, லிட்டர், ஃபேட் (கொழுப்புச் சத்து), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச் சத்து). இவற்றை வைத்துத்தான் விலை. பத்து நாளைக்கு ஒருமுறை பில். அம்மா ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டார், கம்பியில் குத்தி வைப்பார். அந்தக் கம்பி முன்பு அடுப்படியில் தொங்கியது. வெக்கையில் சீட்டு கறுத்துப்போகிறது என்று தெரிந்ததும் சாமி அலமாரிப் பக்கம் மாற்றிவிட்டார்.

போன மாதப் பில் ஒன்றில் நான்கு வேளைக்கு ஃபேட் 3.9 என்று இருந்தது. அதே நான்கு வேளைச் சீட்டிலும் 4.3. பணக் கணக்கில் 62 ரூபாய்தான் குறைவு. ஆனாலும் அம்மா சீட்டுகளை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். அங்கே பால் அளக்கும் பையன், "சிஸ்டத்துல இதுதானுங்கம்மா இருக்குது, நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று சொல்லியிருக்கிறான். வரிசையில் நின்ற நாலு பேர் அவனை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள்.

நான் பதினெட்டு ஆண்டாக டேட்டாபேஸ், அதாவது கணினியில் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம் தொடர்பான வேலை பார்க்கிறவன். ஊருக்குப் போனபோது மைய உரிமையாளரிடம் கேட்டு அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். உறுப்பினர் எண், தேதி, வேளை, லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப்., விலை. அவ்வளவுதான். இந்த வரி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. மென்பொருள் எழுதிக்கொடுத்தவரைப் போனில் பிடித்தோம். "அதெல்லாம் யாரும் கேக்கலையே சார்" என்றார்.

அந்தப் பையன் மாற்றினானா, உரிமையாளர் மாற்றினாரா, விலைப் பட்டியலைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது மென்பொருளே மாற்றிவிட்டதா? எதையும் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் இரவு 11.40 என்று இருந்திருந்தால், மையம் பூட்டியிருந்த நேரம் அது என்று பையன் மீதிருந்த சந்தேகம் அங்கேயே போயிருக்கும். இப்போது அவனும் தலை குனிந்து நிற்கிறான், அம்மாவுக்கும் பதில் இல்லை. 62 ரூபாயை உரிமையாளர் கொடுத்துவிட்டார். ஆனால் என்ன நடந்தது என்பது இன்றுவரை அவருக்கும் தெரியாது.

இது பெரிய வேலையும் அல்ல. சிறு மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில், டேபிளை (பதிவுகள் இருக்கும் அட்டவணையை) அமைக்கும்போதே ஒரு கட்டத்துக்கு 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' என்று குறித்துவிட்டால் போதும். வரியில் ஏதாவது ஒரு மதிப்பு உண்மையில் மாறும்போதெல்லாம் டேட்டாபேஸே நேரத்தை எழுதிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அப்படி ஒரு வார்த்தையில் முடியாது, ட்ரிகர் (வரி மாறும்போது தானாக ஓடும் சிறு கட்டளை) எழுத வேண்டும். ஒரு தடவை எழுதிவிட்டால் எல்லா டேபிளுக்கும் அதையே மாட்டலாம்.

டேட்டாபேஸே எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009-ல் ஒரு பள்ளிக்கு நான் எழுதிய கட்டண மென்பொருளில், திருத்திய நேரத்தை என் புரோகிராமே எழுதும்படி வைத்தேன். திரையில் யார் எதைத் திருத்தினாலும் நேரம் பதிவாகும். சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் அவசரத்தில், திரைக்குப் போகாமல் பின்னாலிருந்து நானே ஒரே கட்டளையில் 214 வரிகளின் தொகையை மாற்றினேன். தொகை மாறியது, நேரம் பழையதாகவே நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் ரசீதோடு வந்தபோது, யாருமே தொடவில்லை என்று என் மென்பொருள் சாதித்தது. பொய் சொன்னது கணினி அல்ல, நான் வைத்த அமைப்பு. பெரும்பாலான திருத்தங்கள் இப்படிப் பின்வாசல் வழியாகத்தான் நடக்கின்றன. அங்கே காவல் நிற்கக் கூடியது டேட்டாபேஸ் மட்டும்தான். நேரமும் சர்வர், அதாவது டேட்டாபேஸ் ஓடும் கணினி, அதன் கடிகார நேரமாக இருக்க வேண்டும். கவுண்டரில் உள்ள கணினியில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்.

கடைசியாகத் திருத்திய நேரம் மட்டும் தெரிந்தால் முன்பு என்ன இருந்தது என்று தெரியாதே என்று கேட்கலாம். உண்மைதான். வேண்டுமென்றே அந்தக் கட்டத்தில் வேறு நேரத்தை எழுதவும் வழி உண்டு, ட்ரிகர் போட்டுத்தான் அதை அடைக்க வேண்டும். பழைய வரியைத் தனியே சேர்த்து வைக்கும் வசதி எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் 2016 பதிப்பிலிருந்தே இருக்கிறது, மரியாடிபி என்ற டேட்டாபேஸில் 10.3 பதிப்பிலிருந்து. முடிந்தவர்கள் அதையும் செய்யட்டும். ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் முதலில் வேண்டியது அந்த ஒரு கட்டம்.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு மத்திய அரசு இதைவிடக் கடுமையான விதியை ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அவர்களுடைய கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் அது நடந்த தேதியோடு பதிவுசெய்ய வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். ஆனால் தனி ஆள் நடத்தும் பால் மையமும் ஊர் ஏலச்சீட்டும் அந்த விதிக்குள் வராது. எங்கள் அம்மா போன்றவர்களின் கணக்கு இருப்பதோ அங்கேதான். விவசாயியிடம் பொருள் வாங்கிக் கணினியில் கணக்கு வைக்கும் எல்லா இடத்துக்கும் இது போன்ற ஒரு விதி வர வேண்டும். பில்லில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'கடைசித் திருத்தம்' என்று நாளும் நேரமும் அச்சாக வேண்டும். பால் கறந்த நாளுக்குப் பிந்தைய தேதி ஒரு வரியில் இருந்தால், படிக்காதவர்கள்கூட "இது ஏன்?" என்று கேட்பார்கள்.

அந்த மென்பொருள்காரர் கட்டத்தைச் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் கூட உட்கார்ந்து செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அம்மா ஒவ்வொரு சீட்டையும் கம்பியில் குத்துவதற்கு முன்னால் பேரனிடம் கொடுத்து போட்டோ எடுக்கச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்