வேறு ஓர் அதிகாரி பார்க்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில் இருக்கும் என் மகளுக்கு மாசியில் தலைப்பிரசவம். பத்தியம் சமைத்துப் போடவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் அங்கே ஆள் கிடையாது என்பதால் மூன்று மாதத்துக்கு விசிட்டர் விசா கேட்டிருந்தேன், மறுத்துவிட்டார்கள். தங்கும் காலம் முடிந்ததும் நான் ஊர் திரும்புவேன் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லையாம்.

அரசுப் பள்ளியில் 33 வருடம் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவள் நான். பென்ஷன் உத்தரவு, நிலப் பட்டா, டெபாசிட் ரசீது, என்னோடு இருக்கும் மகனின் விவரம், மகளின் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம், பட்டா தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்புக்கு வேறு தனிச் செலவு. சென்னையில் கைரேகை எடுக்கப் போனால் வலது கட்டைவிரல் மெஷினில் பதியவே மாட்டேன் என்றது. சாக்பீஸ் பிடித்தே தேய்ந்த விரல். அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நாலாவது தடவையில்தான் எடுத்தாள், பாவம். விண்ணப்பத்துக்கு 100 டாலர், கைரேகைக்கு 85. மறுத்தால் திரும்ப வராது. சரி, பணம் போகட்டும்.

மகள் அங்கே 5 டாலர் கட்டி, தகவல் பெறும் சட்டப்படி அதிகாரியின் குறிப்பைக் கேட்டு வாங்கினாள். மொத்தமே நாலு வரி. எனக்குக் கனடாவில் நெருங்கிய உறவு இருக்கிறது என்பதைத்தான் குறையாக எழுதியிருக்கிறார்கள். பென்ஷன், நிலம், மகன் பற்றிப் பேச்சே இல்லை. மகள் அங்கே இல்லையென்றால் அந்தப் பனியில் எனக்கு என்ன வேலை?

இந்த விசாவுக்கு அப்பீல் கிடையாது. முதலிலிருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் 60 நாளுக்குள் அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டில் மனு போடலாம். அங்கே ஜெயித்தாலும் விசா கையில் வராது, வேறு ஓர் அதிகாரி பார்க்கட்டும் என்று ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான், அதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். (எங்கள் ஊரில் ஒரு ஏஜெண்ட், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். இந்த மாதிரி ஆட்களுக்குப் பிழைப்பு ஓடுவதே இப்படித்தான்.)

அந்த ‘வேறு ஓர் அதிகாரி’ பார்ப்பதை கோர்ட் வரை போகாமலே செய்யக் கூடாதா? எந்தக் காகிதம் போதவில்லை என்று எழுதிக் கேளுங்கள், கொடுக்கிறோம். கொடுத்தும் நம்பிக்கை வரவில்லையா, அதற்கான காரணத்தையாவது எழுதுங்கள். சொன்னபடி திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள், தெரியும், அதனால் கேள்வி கேட்பதில் எனக்கு வருத்தமில்லை, கேட்காமலே முடிவு கட்டுவதில்தான் வருத்தம்.

என் ஃபைலை இன்னொருமுறை எடுத்துப் பார்க்கும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மாசி பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி